கவிழ்த்துப் போட்ட கல்

எங்கள் அத்தான் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். செருப்பைக் கழற்றி விட்டு வலது பாதத்தை மெல்லத் தேய்த்துக்கொண்டே நடப்பார். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே நகக்கண் அளவு ஏற்ற இறக்கம் இருந்தாலும் போதும், கால் அங்கேயே நின்றுவிடும். "யாரு பதிச்சது இது?" என்று கேட்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட ஒருமுறை இப்படிக் கேட்டுத் தொலைத்து, அக்கா அவர் தொடையில் கிள்ளியிருக்கிறாள்.

முப்பத்தாறு வருடம் கல் பதித்தவர். தொழிற்சாலையில் சுட்டு வருகிற டைல்ஸைக் கையால் தொட மாட்டார், "அது பிஸ்கட்டு" என்பார். மலையிலிருந்து வெட்டி, பலகை பலகையாக அறுத்து வரும் கல்தான் அவருக்குக் கல். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் குமிழி ஓடுகிற கோல் ஒன்று வைத்திருப்பார்களே, அதன் பெயர். அந்தக் கோல் சரியென்று சொன்ன பிறகும் இவர் பாதம் சரியென்று சொன்னால்தான் கணக்கு.

நான் அவருக்குக் கொழுந்தியாள். அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் நான் செய்த பாவத்தையும் மறைக்காமல் சொல்லத்தான் போகிறேன்.

இவ்வளவு பெரிய வேலைக்காரர் வீட்டில் என்ன தரை என்று கேட்பீர்கள். சிமெண்ட் தரை! அதுவும் கல்யாணமான புதிதில் அவசரத்துக்குப் பூசியது. படுக்கையறை நிலைப்படியிலிருந்து கூடம் வரை ஒரு வெடிப்பு ஓடி, பீரோவுக்கு அருகில் வளைந்து, சமையலறை வாசலில் போய் முடியும். அடுப்புக்கு முன்னால் அக்கா நின்று நின்று தேய்ந்த பள்ளம். குளியலறைப் பக்கம் குழாயை ரிப்பேர் செய்தபோது தோண்டி மூடிய சொரசொரப்பான ஒட்டு. யாராவது கேலி செய்தால் அத்தான் முகம் சுண்டிப் போகும். "போட்டுடலாம், போட்டுடலாம்" என்றே வருடங்கள் போயின.

அந்த வெடிப்பையும் பள்ளத்தையும் ஒட்டையும் பிடித்துக்கொண்டுதான் அக்கா வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தாள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. நாலைந்து வருடமாக அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் மிச்சம். ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை, அழுத்தக்காரி. வெளியே கிளம்பினால் என் கையைக் கோத்துக்கொள்வாள். அக்காவுக்குத் திடீரென்று பாசம் பொங்குகிறது என்று நான் பூரித்துப் போனேன். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால், "நீதானே தையல்காரி, உனக்கென்ன கேடு?" என்பாள். அத்தான் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அவருக்கு எங்கே தெரியப் போகிறது?

ஏன் மறைத்தாள் என்று பிற்பாடு கேட்டேன். "சொன்னா உடனே மக வந்து கூட்டிட்டுப் போயிடுவா. அவ இருக்கறது ஒன்பதாவது மாடி. அங்க நான் எந்திரிச்சா ஒரு கை, உக்காந்தா ஒரு கை. என் வீட்டுல என் கால்ல நடக்கிற வரைக்கும் நடந்துட்டுப் போறேனே" என்றாள். அவள் காப்பாற்றிக்கொள்ள நினைத்தது அது ஒன்றைத்தான்.

இந்த நேரத்தில்தான் அத்தானுக்கு முட்டி போனது. இனி மண்டி போட்டால் எழுந்திருக்க முடியாமல் போய்விடும், வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், சிமெண்ட் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தரை பாக்கி இருக்கு. இவளுக்குப் போட்டுட்டு விட்டுடறேன்" என்றார்.

"எனக்கு வேண்டாம். இந்தத் தரைக்கு என்ன குறைச்சல்?" என்றாள் அக்கா.

"நீ எதைத்தான் வேணும்னு கேட்டிருக்கே?" என்று அவர் சிரித்தார்.

மூன்று நாள் அவள் மல்லுக்கு நின்றாள். நான்தான் இடையில் புகுந்து, "ஊரெல்லாம் கல்லு போட்டவரு சொந்த வீட்டுக்குப் போடணும்னு ஆசைப்படறாரு. சும்மா நொய்நொய்னு தடுக்காதேக்கா!" என்று அவள் வாயை அடைத்தேன். அப்புறம் அவள் தடுக்கவில்லை. கல் என்றால் கல்லுக்கு நடுவே இணைப்பு இருக்கும், அதைக் காலால் எண்ணிப் பழகிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாளாம். தான் கட்டிய புருஷன் யார், அவர் வேலை எப்படிப்பட்டது என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டாள் பாவம்.

வேலை இருபத்துநாலு நாள் நடந்தது. பழைய தரைமேலேயே பதித்தால் உயரம் கூடிக் கதவெல்லாம் இடிக்கும் என்று சிமெண்டை முழுக்கப் பெயர்த்து எடுத்தார். துணைக்கு வந்தவர் கலவைக்காரர். முப்பது வருடமாக அத்தானுக்குக் கலவை குழைத்துக் குழைத்துத் தோள் ஒரு பக்கம் இறங்கிப்போன மனிதர். இருவரும் சேர்ந்து தட்டிய இருபது தட்டிலேயே அந்த வெடிப்பு துண்டு துண்டாகிச் சாக்குப் பைக்குள் போய்விட்டது.

வெளிர் சாம்பல் நிறக் கல் எடுத்திருந்தார். கலவை வைக்காமல் எல்லாக் கல்லையும் முதலில் சும்மா பரப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். மலையிலிருந்து வருகிற கல்லில் ஒன்று போல் ஒன்று இருக்காது. ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்து, ஒரு கல்லின் ரேகை அடுத்த கல்லில் போய்ச் சேரும்படி இரண்டு நாள் மாற்றி மாற்றி வைத்தார். குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, நடுவிலிருந்து பதித்துக்கொண்டு போனார். ஒவ்வொரு கல்லையும் விரலால் தட்டிப் பார்ப்பார். அடியில் காற்று நின்றிருந்தால் பொத்தென்று ஒரு சத்தம் வரும், உடனே எடுத்துவிட்டு மறுபடி வைப்பார். எல்லாம் இறுகின பிறகு மெஷினை வைத்துக் கூடம் முழுவதையும் ஒரே தேய்ப்பாகத் தேய்த்தார். பளபளப்பு மட்டும் ஏற்றவில்லை. "வழுக்கிடக் கூடாது. அவளுக்கும் வயசாகுதுல்ல" என்றார். அவ்வளவு யோசித்த மனிதர்.

அந்த நாளெல்லாம் அக்கா என் வீட்டில் இருந்தாள். தம்ளரைத் தட்டி விடுவாள், கதவில் இடித்துக்கொள்வாள், என் நூல்கண்டுப் பெட்டியை இரண்டு முறை மிதித்துவிட்டாள். "கண்ணை எங்க வச்சுக்கிட்டு நடக்கறே?" என்று எரிந்து விழுந்தேன். அவள் சிரித்துச் சமாளித்தாள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இருபத்தைந்தாம் நாள் காலையில் அவளைக் கூட்டிப் போனேன். அத்தான் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கூடத்து நடுவில் நின்றார். கலவைக்காரர் சுவரோரமாக நின்றார். தரை ஒரே கல்லில் செய்தது போல இருந்தது. அக்கா நிலைப்படியில் என் கையை விட்டாள். இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடியில் நின்றாள். பாதத்தை இடது பக்கம் தேய்த்தாள், வலது பக்கம் தேய்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்று அத்தான் கேட்டார்.

"நல்லா இருக்கு."

"அடுப்படியைப் போய்ப் பாரு. அங்கதான் அசந்து போவே."

அக்கா தலையாட்டிவிட்டு நடந்தாள். நேராகப் படுக்கையறைச் சுவரில் போய் முட்டினாள்.

"புதுத் தரை போட்டதும் தங்கச்சிக்குப் போதை ஏறிடுச்சு!" என்றார் கலவைக்காரர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தாள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் நாற்காலியை விட்டு எழவே இல்லை. தலைவலி என்றாள், கால் வலி என்றாள். அத்தானே சமைத்தார், அவரே தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கல் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து மருகினார். "பச்சை ரேகைக் கல்லு எடுத்திருக்கணுமோ?" என்று என்னிடம் கேட்டபோது அவர் குரலே சரியில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அக்காவிடம் போய் நின்றேன்.

"மனுஷன் முட்டியத் தேச்சுப் போட்டுக் குடுத்திருக்காரு. நீ மகாராணி மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. உனக்கெல்லாம் சிமெண்ட் தரைதான் லாயக்கு!"

"ஆமா, அதுதான் எனக்கு லாயக்கு" என்றாள் அக்கா. குத்திக் காட்டுகிறாள் என்று எனக்கு இன்னும் கோபம். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் அத்தான் கடைக்குப் போனார். பை எடுக்க மறந்து, தெருமுனையிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். கதவு திறந்தேதான் கிடந்தது. கூடத்தின் நடுவில் அக்கா மண்டி போட்டுக் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வருடம் அவர் இருந்த இருப்பு அது. கல்லில் ஏதோ கோளாறு கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியதாம்.

"என்ன தேடறே?"

அக்கா திடுக்கிட்டாள். திரும்பிப் பார்த்தாள், ஆனால் அவர் நின்ற பக்கம் பார்க்கவில்லை.

"அடுப்படி எந்தப் பக்கம்னு தேடறேன்" என்றாள்.

அன்றைக்கு எல்லாம் வெளியே வந்தது. எனக்கு ஆள் அனுப்பி, நான் ஓடிப் போனபோது இருவரும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். வெடிப்பில் கால் வைத்தால் எங்கே போகலாம், பள்ளத்தில் நின்றால் அடுப்பு எத்தனை முழம், ஒட்டு தட்டினால் குளியலறைக் கதவு எத்தனை அடி என்று எல்லாம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். முந்தின நாள் நான் பேசிய பேச்சு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து என்னையே அறைந்தது. அவள் காலடியில் போய் விழுந்து ஓவென்று அழுதேன். "போடி பைத்தியக்காரி, நீ என்ன தெரிஞ்சா பேசினே?" என்று என் தலையைத் தேடித் தடவினாள்.

அத்தான் எழுந்து துண்டை எடுத்தார். தன் கண்ணைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டார். கூடத்தின் நடுவில் நின்று இரண்டு சுற்றுச் சுற்றினார், பிறகு அந்தப் பேர்போன வலது பாதத்தைத் தேய்த்துக்கொண்டு நடந்தார். ஊரில் எந்தத் தரையிலும் குறை கண்டுபிடிக்கிற பாதம். அதற்கு அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. பீரோவில் இடித்துக்கொண்டு நின்றார். துண்டை அவிழ்க்காமலே சொன்னார்.

"நான் எல்லார் வீட்டுலயும் கீழேயே பாத்துட்டு இருந்துட்டேன். இவ மூஞ்சிய நிமிந்து பாத்திருந்தா நாலு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

கண் டாக்டரும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். நரம்பு காய்ந்துவிட்டது, முன்பே வந்திருந்தால் நிறுத்தி வைத்திருக்கலாம், மிச்சமிருக்கிற வெளிச்சமும் சீக்கிரம் போகும் என்றார். மகளுக்குச் சொன்னோம். அவள் போனிலேயே அழுதாள், திட்டினாள். மாதக் கடைசியில் வருகிறேன், அம்மாவின் துணிமணியைக் கட்டி வையுங்கள், அந்த வீட்டில் இனி ஒரு நாள்கூட விட மாட்டேன் என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அக்கா போனைக் கீழே வைத்தாள். அத்தான் கலவைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேஸ்திரி, உனக்கென்ன புத்தி கலங்கிடுச்சா?" என்று கலவைக்காரர் கத்தினார். "உன் கையாலேயே இது மாதிரி இன்னொரு தரை வராதுய்யா. இதைப் போய் அறுக்கவா?"

"அறுக்கத்தான் போறேன். மெஷினை எடு."

பழைய வெடிப்பு எங்கே ஓடியது என்று அத்தானுக்கு ஞாபகமில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு அந்தத் தரையை அவர் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததே இல்லை. அக்காதான் சொன்னாள். நான் அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு நடக்க, அவள் காலை வைத்த இடமெல்லாம் கலவைக்காரர் சாக்பீஸால் கோடு போட்டார். பீரோ அருகில் கோடு கோணிக்கொண்டு போனது. அத்தான் அதை நேராக்கப் பார்த்தார், பழக்கதோஷம்.

"நேரா வேண்டாங்க. அங்க வளைஞ்சாதான் பீரோ முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும்."

"கோணலாவா போடச் சொல்றே?"

"கோணலாத்தான்."

அவர் என்னைப் பார்த்தார், கலவைக்காரரைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு கோணல் வரி போடாத மனிதர். "சரி, கோணலாவே போடறேன்" என்றார்.

மிச்சக் கல்லை நாலு விரல் அகலப் பட்டைகளாக அறுத்தார். கல்லின் முகம் தேய்த்து வழவழப்பாக இருக்கும், அடிப்பக்கம் வாள் அறுத்த தடம் வரிவரியாக அப்படியே கிடக்கும். கோடு போன வழியே தரையை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் பட்டைகளைக் குப்புறக் கவிழ்த்து, அடிப்பக்கம் மேலே தெரியும்படி பதித்தார். அதையும் ஒரு நெல் உயரம் தூக்கி வைத்தார். படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு ஒரு பட்டை, குளியலறைக்குப் பிரிகிற இடத்தில் இரண்டு பட்டை, அடுப்புக்கு முன்னால் முழுக் கல்லே கவிழ்த்தது. மண்டி போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, இடுப்பை நகர்த்தி நகர்த்தி வேலை செய்தார். பதினோரு நாள். ஒவ்வொரு நாள் முடிவிலும் நானும் கலவைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி விட்டோம். வலியில் பல்லைக் கடிப்பார்.

"கல்லைக் கவுத்துப் போட்ட ஒரே ஆளு நீதான்யா. தொழில் தெரிஞ்சவன் பாத்தா வாயால சிரிக்க மாட்டான்" என்றார் கலவைக்காரர்.

"சிரிக்கட்டும். அவன் காலுக்கா போட்டேன்?"

மகள் வந்தாள். பெட்டியைக் கீழே வைக்காமலே கூடத்தில் நின்றாள். அக்கா படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போய், அங்கிருந்து குளியலறைக்குப் போய், திரும்பி வந்து மகளின் முன்னால் நின்றாள். ஒருவர் கையும் பிடிக்கவில்லை. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு நாள் இருந்துவிட்டு, "மிச்ச வெளிச்சமும் போனப்பறம் இப்படி நடந்தா நம்பறேன். இல்லேன்னா வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகத்தான் ஊருக்குப் போனாள்.

அத்தானுக்கு அதற்கப்புறம் ஒரே வேலைதான். சொரசொரப்பான கல்லில் அழுக்கு ஏறினால் வரி அடைந்து வழவழப்பாகிவிடும் என்று, தினமும் காலையில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பட்டையைத் தேய்ப்பார். ஐந்தாறு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் நான் தைத்த ரவிக்கையைக் கொடுக்கப் போனேன். ஜன்னல் வழியே வெயில் கூடத்தில் பாதி தூரம் வந்திருந்தது. அத்தான் பட்டைமேல் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா அப்போதுதான் எழுந்து வந்தாள். நேராக அந்த வெயிலுக்குள் வந்து நின்றாள்.

"இன்னும் விடியலையா?" என்று கேட்டாள்.

அத்தானின் கை நின்றுவிட்டது.

"விடிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சும்மா" என்றார் அவர்.

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். சூடு பட்ட கன்னத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். அத்தான் பிரஷ் பிடித்த கையைத் தூக்கி, வராதே என்று என்னைத் தடுத்தார்.

"சரி" என்றாள் அக்கா.

பாதத்தைத் தேய்த்துப் பட்டையைப் பிடித்தாள். ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். மூன்றாவது அடியில் அவள் கால் விரல் அத்தானின் தொடையில் இடித்தது.

"வழியில உக்காந்திருக்கீங்க. நகருங்க" என்றாள்.

அத்தான் இரண்டு கையையும் ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். அக்கா அவரைத் தாண்டிப் போனாள். பீரோ அருகில் வளைந்தாள், சமையலறைக்குள் நுழைந்தாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது, அடுப்பு பற்றும் சத்தமும் கேட்டது.

"ரெண்டு பேரும் அங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க? காபி வேணுமா, வேண்டாமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அத்தான் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"வேணும்க்கா" என்று நான்தான் கத்தினேன்.